பூவிலும் இலையிலும் வீட்டிலேயே மூலிகை டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி முடியும் நேரத்தில் எங்கள் கரிசல் பக்கம் ஓடைக்கரை முழுக்க ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்து நிற்கும். பொங்கல் காப்புக்கு ஒரு கொத்து ஒடித்ததோடு சரி, மற்றதெல்லாம் செடியிலேயே உதிர்ந்துபோகும். அந்தப் பூவை நிழலில் காயவைத்து வருடம் முழுக்க டீ போட்டுக் குடிக்க என் ஆச்சிதான் கற்றுக்கொடுத்தாள். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் செம்பருத்தி, சங்குப்பூ, துளசி, புதினா, எலுமிச்சைப்புல் என்று மொட்டைமாடியில் வளர்த்தும் பறித்தும் காயவைத்தும் வருகிறேன். வீட்டுக்கு வருகிறவர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தேயிலையே போடாமல் இதை டீ என்று எப்படிச் சொல்வது?

சுக்குக்காப்பியில் காப்பித்தூளா இருக்கிறது? சூடாக, மணமாக, டம்ளரில் ஊற்றிக் குடிப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இதுவும் அப்படித்தான். உண்மையான தேயிலை என்பது கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் கொழுந்து. பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை எல்லாம் அந்த ஒரே செடியிலிருந்து வருபவை. நாம் இங்கே பேசும் பூக்களிலும் இலைகளிலும் காஃபின் கிடையாது. அதனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்தாலும் தூக்கம் கெடாது. எனக்கு இதில் பிடித்த முதல் விஷயமே அதுதான்.

கஷாயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம் உண்டு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சித்த மருத்துவத்தில் குடிநீர் என்று சொல்வது, சரக்கை இடித்துப் போட்டு நாலுக்கு ஒன்றாகவோ எட்டுக்கு ஒன்றாகவோ வற்றக் காய்ச்சுவது. நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் எல்லாம் அந்த வகை. அது மருந்து. அளவும் நாள் கணக்கும் வைத்தியர் சொல்ல வேண்டியவை.

டீக்கு அவ்வளவு காய்ச்சக் கூடாது. பூவும் இளம் இலையும் மெல்லியவை. அவற்றின் மணம், எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெயில் இருக்கிறது. துளசியைப் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் அடுப்படியே மணக்கும். ஆனால் டம்ளரில் மணம் இருக்காது, எல்லாம் ஆவியோடு போயிருக்கும். தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, பூவின் மேல் ஊற்றி மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்ததும் அதன் உட்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே முத்து முத்தாக நிற்கும் நீரில்தான் மணம் இருக்கும். அந்த நீரையும் டம்ளருக்குள் தட்டிவிடுங்கள்.

வேர், பட்டை, விதை சேர்த்தால் மட்டும் கதை வேறு. இஞ்சி, சுக்கு, மல்லி விதை, ஏலக்காய் இவற்றை முதலில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகு பூவைப் போடுங்கள்.

எந்தப் பூவும் இலையும் நம் ஊருக்குத் தோதானவை?

ஆவாரம்பூவுக்கு என் வீட்டில் முதலிடம். காய்ந்த பூவில் போடும் டீ இளமஞ்சளாக, லேசான துவர்ப்போடு இருக்கும். தேயிலையை விட்டவர்களுக்குப் பழைய டீயின் ஞாபகம் கொஞ்சமாவது வருவது இதில்தான். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்ற பழமொழியை நான் மருத்துவச் சான்றாக எடுப்பதில்லை. ஆனால் இந்தச் செடிமேல் நம் ஆட்களுக்கு எவ்வளவு பிரியம் என்று அது காட்டுகிறது. தெலங்கானாவின் மாநில மலரும் இதுதான், அங்கே தங்கேடு என்பார்கள். பறிக்கும்போது பெரிய ரோட்டோரச் செடியைத் தொடாதீர்கள். வண்டிப் புகையும் தூசியும் இதழில் படிந்திருக்கும். உள்ளே தள்ளி, வயல் வரப்பிலோ தரிசிலோ பறியுங்கள். மருந்து தெளிக்கும் காட்டை ஒட்டிய வரப்பு என்றால் அதுவும் வேண்டாம்.

அடுத்தது செம்பருத்தி. இலங்கையில் செவ்வரத்தை என்பார்கள். ஐந்து இதழ் உள்ள சிவப்பு நாட்டுப் பூதான் வேண்டும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் அடியில் இருக்கும் பச்சைக் காம்பையும் கிள்ளிப் போட்டுவிட்டு இதழை மட்டும் எடுங்கள். உள்ளே எறும்பு இருக்கும், உதறிப் பாருங்கள். இதழைக் கொதிக்கவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். தலைக்குத் தேய்க்க ஏன் இந்தச் செடியைப் பயன்படுத்துகிறோம் என்று யோசித்தால் காரணம் புரியும்.

சங்குப்பூ நிறத்துக்கு. சுவை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பச்சைப் பயறு வேகவைத்த தண்ணீரின் வாசம் லேசாக இருக்கும். இஞ்சியோ எலுமிச்சைப்புல்லோ கூடச் சேர்த்தால்தான் ரசிக்கும்.

பன்னீர் ரோஜா கிடைத்தால் விடாதீர்கள். இதழின் அடியில் ஒரு வெள்ளை நுனி இருக்கும், கசப்பு அங்கேதான். கத்தரியால் நறுக்கிவிட்டால் போதும்.

இலைகளில் துளசி, புதினா, எலுமிச்சைப்புல் மூன்றும் காய்ந்தாலும் மணம் நிற்கும். எலுமிச்சைப்புல்லின் ஓரம் பிளேடு மாதிரி, உருவிப் பறிக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். ஓமவல்லி இலை தடிமன். அதைக் காயவைத்துப் பயனில்லை, பச்சையாகவே இரண்டு இலை கிள்ளிப் போடுங்கள். கொய்யாக் கொழுந்து துவர்க்கும். முருங்கை இலையைப் பலர் காயவைத்து டீ போடுகிறார்கள். எனக்கு அந்த வைக்கோல் வாசம் ஒத்துவரவில்லை. முருங்கையைப் பொரியலாகச் சாப்பிடுவதுதான் அதற்கு மரியாதை என்பது என் எண்ணம்.

கடையில் வாங்கும் செம்பருத்தி டீ புளிக்கிறது, வீட்டுப் பூவில் புளிப்பே இல்லை. நான் ஏதாவது தப்பு செய்கிறேனா?

இல்லை. இரண்டும் வேறு வேறு செடி. பாக்கெட்டில் அடர்சிவப்பாகத் தடித்து இருப்பது சிவப்புப் புளிச்சைச் செடியின் பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் புல்லி. எகிப்திலும் சூடானிலும் கர்கடே என்று குடிப்பது இதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டையும் ஹைபிஸ்கஸ் என்பதால், தமிழில் லேபிள் எழுதுகிறவர்கள் செம்பருத்தி என்று போட்டுவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகளில் வந்தது பெரும்பாலும் இந்தப் புளிப்பு வகையைப் பற்றி. அதைப் படித்துவிட்டு வீட்டுச் செம்பருத்திக்கும் அதே பலன் என்று கணக்குப் போடக் கூடாது.

சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிறதே, ஏதாவது கெடுதலா?

கெடுதல் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலம் பட்டதும் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, எலுமிச்சைச் சாற்றை ஓரமாக ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதா நூல் நூலாகக் கீழே இறங்கும். பிள்ளைகள் குடிக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தாய்லாந்தில் இதை அஞ்சன் என்று சொல்லி எலுமிச்சையும் தேனும் சேர்த்துக் குளிராகக் குடிக்கிறார்கள். மலேசியாவில் இந்த நீரில் சோறு சமைத்து நீலச் சோறாகவே சாப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாகச் சேர்க்க 2021இல் அனுமதி கொடுத்தார்கள்.

செம்பருத்தியிலும் இதே நிறமிக் குடும்பம்தான். போர்த் தண்ணீரில் போட்டால் சிவப்பு வராமல் ஒரு மாதிரி மங்கிய ஊதாவாக நிற்கும். பூ கெட்டுப்போனதோ என்று பயப்பட வேண்டாம். எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பும் காரமும் கூடியது. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பளீரென்று சிவந்துவிடும்.

ஒரு டம்ளருக்கு எவ்வளவு போடுவது?

150 முதல் 200 மில்லி தண்ணீருக்குக் காய்ந்தது ஒரு டீஸ்பூன். பச்சை என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதாவது துளசி எட்டுப் பத்து இலை, சங்குப்பூ ஐந்தாறு, செம்பருத்தி இரண்டு பூ. மூடிவைக்கும் நேரம் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஆவாரம்பூவும் கொய்யாவும் அதற்கு மேல் ஊறினால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். சுவை பற்றவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாமல் பூவைக் கூட்டுங்கள்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், மண் எதுவானாலும் சரி. இரும்புச் சட்டியில் துவர்ப்பு உள்ள இலையைப் போட்டால் கறுத்துப்போகும். புளிப்பு சேர்ப்பதாக இருந்தால் அலுமினியமும் செம்பும் வேண்டாம்.

எப்படிக் காயவைப்பது? எனக்கு ஒவ்வொரு முறையும் பூஞ்சை வந்துவிடுகிறது.

எனக்கும் வந்திருக்கிறது. ஒரு வருடம் ஆவாரம்பூ நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெரிய பாட்டில் நிறைய அடைத்துவைத்தேன். இதழ் மொறுமொறுவென்று இருந்தது, ஆனால் அடிக்காம்பில் ஈரம் இருந்திருக்கிறது. மூன்றாவது வாரம் திறந்தபோது சாம்பல் நிறத்தில் நூல் படர்ந்து, பழைய கோணிச்சாக்கு வாசம் அடித்தது. ஒரு பொங்கல் முழுக்கப் பறித்த பூ, அப்படியே எருக்குழிக்குப் போனது. மேலே தெரிந்த பூஞ்சையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமே என்று அன்றைக்கு மனசு அடித்துக்கொண்டது. செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை பாட்டில் முழுக்க இருக்கும், கொதிநீர் ஊற்றினாலும் அதன் நச்சு போகாது.

அதிலிருந்து நான் செய்வது இப்படி. காலையில் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்கிறேன். தூசி இருந்தால் ஒரே ஒரு அலசு, உடனே துண்டில் ஒற்றிவிடுவது. பழைய வெள்ளை வேட்டியைக் காற்றோட்டமான அறையில் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புகிறேன். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் நிறமும் மணமும் வெளிறிவிடும். சங்குப்பூ மூன்று நாளில் காய்ந்துவிடும். ஆவாரம்பூவுக்கு ஐந்து நாள்வரை ஆகும். தினம் ஒருமுறை கையால் புரட்டிவிட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க இதழைத் தொடாதீர்கள், காம்பை ஒடியுங்கள். சடக்கென்று முறிந்தால் சரி. வளைந்தால் இன்னும் ஒரு நாள். பாட்டிலில் போட்ட பிறகும் முதல் வாரம் தினமும் பாருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்திருந்தால் உடனே கொட்டி மறுபடி பரப்பிவிடுங்கள்.

ஒரு கூடை பூ காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் தேறும். மனம் தளர வேண்டாம், நீர்தான் போயிருக்கிறது.

ஐப்பசி கார்த்திகை மழையில் காயவைக்கும் வேலையே வேண்டாம், பச்சையாகப் போட்டுக் குடியுங்கள். உலர்த்தும் மெஷின் வைத்திருப்பவர்கள் 40 முதல் 45 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

வெளிச்சம் படாத அலமாரியில், இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில், ஆறு மாதம் நன்றாக இருக்கும். வருடம் தாண்டினால் கெடுதல் இல்லை என்றாலும் வெறும் நிறத் தண்ணீர்தான் வரும். பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். போட்ட டீயை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள்வரை.

பூக்கடைப் பூவில் போடலாமா?

கூடாது. மாலைக்கும் சடைக்கும் வரும் ரோஜா, சாமந்தி எல்லாம் சாப்பிடுவதற்கென்று வளர்த்தவை அல்ல, பூச்சிமருந்து தெளித்துத்தான் வளர்க்கிறார்கள். சாமிக்குப் போட்ட பூ, கல்யாண வீட்டில் மிஞ்சிய பூ எல்லாம் இதில் அடங்கும். வீணாகிறதே என்று வருத்தம் இருந்தால் செடிக்கு எருவாகப் போடுங்கள்.

எந்தச் செடியை அறவே தொடக் கூடாது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வேன்.

அரளி. சிவப்பு, வெள்ளை, ரோஸ், மஞ்சள் எந்த நிறமானாலும் சரி. பூ, இலை, விதை எல்லாமே இதயத் துடிப்பை நிறுத்தக்கூடிய நஞ்சு. கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் அது போகாது. வீட்டு வாசலில் செம்பருத்தியும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், பறிக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

ஊமத்தை. வெள்ளையாகப் புனல் மாதிரி பூக்கும். அதுவும் நஞ்சு.

அப்புறம் நித்தியகல்யாணி. இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம், ஏனென்றால் சர்க்கரைக்கு நல்லது என்று அதன் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். 1950களில் ஆராய்ச்சியாளர்களும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கத்தான் இந்தச் செடியை எடுத்தார்கள். அவர்கள் கண்டது, அது ரத்த வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுகிறது என்பதை. அதிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள். ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து ஏற்றும் மருந்தின் செடியை நாம் அடுப்பில் கண்ணளவில் போட்டுக் கொதிக்கவைக்கலாமா?

பொதுவாக ஒன்று சொல்கிறேன். நூறு சதவீதம் தெரிந்த செடி என்றால் பறியுங்கள். போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்தேன், இது மாதிரித்தான் இருந்தது என்றால் பறிக்காதீர்கள்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கலாமா?

எப்போதாவது ஒரு டம்ளர் என்றால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. தினமும் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆவாரம்பூவுக்கும் கொய்யா இலைக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும் குணம் உண்டு என்றால், மாத்திரையோடு சேர்ந்து அளவுக்கு மேல் இறங்கவும் வாய்ப்பு உண்டு. டீ குடிக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. என் சித்தப்பா அப்படி நிறுத்திவிட்டு, காலில் புண் ஆறாமல் மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

இனிப்புக்காக அதிமதுரம் சேர்ப்பவர்கள் கவனியுங்கள். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தையும் குறைக்கும். பிரஷர் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எதையும் தினப்படி ஆக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் துவர்ப்பான டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குச் செம்பருத்தி டீ வேண்டாம். மற்றவையும் டாக்டரைக் கேட்ட பிறகே.

எடை குறைக்கும் மூலிகை டீ என்று விற்கிறார்களே, அதையே வீட்டில் செய்யலாமா?

அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சென்னா என்று இருக்கிறதா பாருங்கள். அது எங்கள் பக்கத்து நிலாவரை. தூத்துக்குடி, திருநெல்வேலி மானாவாரிக் காடுகளில் விளைந்து கப்பலேறியதால் உலகச் சந்தையில் அதற்குத் ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர். எங்கள் மண்ணின் பெயரில் எனக்குப் பெருமைதான். ஆனால் அது பேதி மருந்து. குடித்த மறுநாள் எடை குறைவாகக் காட்டுவது கொழுப்புக் கரைந்ததால் அல்ல, வயிறு காலியாகி நீர் வெளியேறியதால். மலச்சிக்கலுக்கு இரண்டு மூன்று நாள் எடுக்கலாம். மாதக்கணக்கில் குடித்தால் உப்புச் சத்துகள் குறையும், குடலும் அது இல்லாமல் வேலை செய்ய மறுக்கும். ஆவாரையும் நிலாவரையும் ஒரே பேரினம், பூவும் மஞ்சள். பறிக்கும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனிப்புக்கு என்ன சேர்ப்பது? பால் ஊற்றலாமா?

பனங்கற்கண்டு நன்றாக இருக்கும், கருப்பட்டி ஆவாரம்பூவுக்கு மட்டும் பொருந்தும். சங்குப்பூவில் கருப்பட்டி போட்டால் நிறம் சேறாகிவிடும். தேன் என்றால் கை பொறுக்கும் சூட்டில் கலக்குங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எதிலும் தேன் கொடுக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி அந்த வயதுக் குடலில் பெருகி ஆபத்தாகும். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்பது உண்மை இல்லை, அதுவும் சர்க்கரைதான்.

பால், ஆவாரம்பூவுக்கும் துளசி இஞ்சிக்கும் சேரும். எலுமிச்சை பிழிந்ததில் ஊற்றினால் திரிந்துவிடும்.

இலங்கையில் டீக்குப் பதிலாகப் பூத்தண்ணீர் குடிக்கிறார்களாமே?

ஆமாம். வில்வப்பூவைக் காயவைத்துப் பெலி மல் என்றும், ஆவாரம்பூவை ரணவரா என்றும், நம் பொங்கல் காப்பில் வரும் சிறுபீளையைப் பொல்பலா என்றும் சிங்களத்தில் சொல்லிக் குடிக்கிறார்கள். கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே குடிப்பதுதான் அங்கே வழக்கம். ஆவாரைக்கு ஆங்கிலத்தில் மாத்தறைத் தேயிலை என்று ஒரு பெயரே உண்டு. அதே செடி ஓடைக்கரையில் நிற்க, நாம் காப்புக் கட்டுவதோடு நிறுத்திவிட்டோமே என்று எனக்கு ஆதங்கம்தான்.

முதன்முதலில் ஒரே ஒரு செடி வைப்பதாக இருந்தால்?

சங்குப்பூக் கொடி. அக்கம்பக்கத்துக் கொடியில் காய்ந்த நெற்று இருந்தால் கேட்டு வாங்குங்கள். விதை கெட்டித் தோல், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் ஊதியிருப்பதை மட்டும் ஊன்றுங்கள். பெயின்ட் வாளி அளவு தொட்டி, ஏறுவதற்கு ஒரு கயிறு, நல்ல வெயில் போதும். இரண்டு மாதம் போனால் பூக்க ஆரம்பிக்கும். தினமும் பறிக்கப் பறிக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். பறிக்காமல் விட்டால் நெற்று விட்டுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். விதைக்கு ஒரு நெற்றை மட்டும் கொடியிலேயே காயவிடுங்கள், அடுத்த வீட்டில் யாராவது கேட்பார்கள்.